கழுத்து வலிக்கு லேசர் சிகிச்சை: பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

சென்னையில் அண்ணா நகர், வேளச்சேரி, மடிப்பாக்கம், ஓஎம்ஆர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிசியோதெரபி கிளினிக் கண்ணில் படுகிறது. போர்டில் 'லேசர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பத்து சிட்டிங், பதினைந்து சிட்டிங் என்று முதல் நாளே கணக்குச் சொல்லிவிடுவார்கள். "கரண்ட் வைக்கிறது பழசு சார், இப்ப எல்லாரும் லேசர்தான்" என்ற பேச்சும் கூடவே வரும். எல்லாக் கிளினிக்கும் அப்படியில்லை. பொறுமையாகக் கழுத்தைச் சோதித்து, "உங்களுக்கு லேசர் வேண்டாம், பயிற்சியே போதும்" என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். யார் எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருந்தால் உள்ளே போய்த் தெரிந்துகொள்ளலாம்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் ஏமாற்று வேலையல்ல, மந்திரமும் அல்ல. கழுத்து வலியில் அதற்கு ஓரளவு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆனால் சரியான வகை வலிக்கு, சரியான அளவில், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பலன் நிற்கும். மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்பதுபோல லேசருக்கு எத்தனை ஜூல் (பாயும் ஒளியாற்றலின் அளவு) என்று கேட்க நோயாளிகள் பழக வேண்டும் என்பது என் கட்சி.

முதல் படி: இது லேசருக்கு உரிய கழுத்துதானா?

காலையில் எழுந்ததும் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்வது, நாளெல்லாம் லேப்டாப்பைக் குனிந்து பார்த்துத் தோள்பட்டை வரை இறுகிப்போவது, வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க முடியாமல் போவது: இவை பெரும்பாலும் தசையும் கழுத்தெலும்பின் சின்ன மூட்டுகளும் சம்பந்தப்பட்ட வலி. லேசர் பற்றிய ஆய்வுகளில் அதிகம் இடம்பெற்றவை இந்த வகைக் கழுத்துகள்தான். கழுத்திலிருந்து கை வரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கும் வலி நரம்பு வேர் அழுத்தப்படுவதால் வருவது. அதற்கும் லேசரைத் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு முன் மருத்துவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

கீழே சொல்லும் எதுவாவது இருந்தால் கிளினிக் வாசலை மிதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்தோ வண்டியில் அடிபட்டோ தொடங்கிய வலி. காய்ச்சலோடும் கடுமையான தலைவலியோடும் கழுத்து விறைப்பது. காரணமில்லாமல் எடை குறைவது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் கழுத்து வலி. இரவில் படுத்தாலும் குறையாத வலி. கழுத்தோடு இடது கை, தாடை, நெஞ்சு வலித்து வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம். அப்போது யோசிக்காமல் 108க்கு அழையுங்கள்.

இவற்றைவிட எளிதாகத் தவறவிடப்படுவது தண்டுவடம் அழுத்தப்படுவது. அதில் வலி பெரிதாக இருக்காது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், புடவைக் கொசுவம் வைக்கக் கை வராது, சாவி கையிலிருந்து நழுவும், நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரியும். வயதானவர்களிடம் இதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு லேசர் வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து; நரம்பியல் அல்லது தண்டுவட அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியது இது.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்', 'தேய்மானம்' என்று பார்த்ததும் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அதில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டைக் காட்டி "டிஸ்க் பிதுங்கியிருக்கு, லேசர் வச்சா உள்ளே போயிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேசர் டிஸ்கை உள்ளே தள்ளாது, தேய்ந்த எலும்பை வளர்க்காது. வலியையும் வீக்கத்தையும் குறைப்பதுதான் அதன் வேலை.

இரண்டாம் படி: யாரிடம் காட்டுவது

எலும்பு மருத்துவர், பிசிக்கல் மெடிசின் (மறுவாழ்வு மருத்துவம்) மருத்துவர், அல்லது தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட். தமிழ்நாட்டில் பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவர்கள் நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் முடித்து வந்தவர்கள். பட்டம் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். லேசரை யார் கையில் பிடிக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். பட்டம் ஒருவருடையதாகவும், கருவியைப் பிடிப்பவர் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த உதவியாளராகவும் இருப்பதுண்டு.

காசு இடிக்கிறது என்றால் அரசு மருத்துவமனைகளை மறக்காதீர்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று எங்கே போனாலும் ஓபி சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம். கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. லேசர் கருவி இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும் சோதனையும் பயிற்சியும் கிடைக்கும், கழுத்து வலிக்கு முக்கியமானவை அவைதான். வீட்டைவிட்டு வர முடியாத பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு.

இன்ஷூரன்ஸை நம்பி பேக்கேஜ் எடுக்க வேண்டாம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். ஓபி செலவுக்குத் தனியாக எடுத்திருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன நடக்கிறது

முதல் லேசர் கருவி 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் கையால் ஒளிர்ந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க எலிகளின் முதுகை மழித்து ஒளி பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் முடிதான் வேகமாக முளைத்தது. திசுவைச் சுடாத அளவு குறைந்த ஒளிகூட செல்களை ஏதோ செய்கிறது என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. பிறகு புண் ஆற்றுவதற்கும், வலிக்கும் என்று அது விரிந்தது.

இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது, அழற்சியைத் தூண்டும் பொருட்கள் குறைகின்றன. போதிய அளவில் கொடுத்தால் வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளின் வேகமும் தற்காலிகமாகத் தணிகிறது.

அளவு கூடினால் பலனும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. குழம்பில் உப்பு மாதிரிதான்: குறைந்தால் தெரியவே தெரியாது, கூடினால் கெட்டுப்போகும். மிகக் குறைந்த ஒளிக்குத் திசு அசையாது. அளவு மீறினால் கிடைத்த பலனும் மங்கிவிடும். லேசர் ஆய்வுகளில் 'பலன் உண்டு', 'இல்லை' என்று இரண்டு முடிவும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போதாத அளவைக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதிய ஆய்வுகளும் அந்தக் குவியலில் இருக்கின்றன.

நான்காம் படி: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

2009இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆஸ்திரேலியாவின் ராபர்ட்டா சௌவும் உடன் பணியாற்றியவர்களும் 16 ஆய்வுகளை, மொத்தம் 820 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். போலி லேசரோடு (சிகிச்சை ஒளி இல்லாமல் பெயருக்கு வைப்பது) ஒப்பிடும்போது, நாள்பட்ட கழுத்து வலி 100 மில்லிமீட்டர் அளவுகோலில் சுமார் 20 மில்லிமீட்டர் குறைந்தது. நம் பேச்சில் சொன்னால், பத்துக்கு ஆறு இருந்த வலி நான்குக்கு வருவது. சிகிச்சை முடிந்த பிறகும் 22 வாரம் வரை, அதாவது ஐந்து மாதத்துக்கு, பலன் நீடித்ததாகக் கண்டார்கள். பக்கவிளைவுகள் லேசானவை, போலி லேசர் பெற்றவர்களுக்கும் அதே அளவுதான் வந்தன.

ஆறிலிருந்து நான்கு என்பதை நிதானமாகப் பாருங்கள். அது சின்ன விஷயமல்ல. இரவு தூங்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அது பூஜ்யம் அல்ல. 'நூறு சதவீதம் நிரந்தரக் குணம்' என்று போர்டில் எழுதியிருந்தால் அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அந்த 16 ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, கருவிகளும் அளவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு நாள்பட்ட கழுத்து வலிக்கு 830, 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர்களுக்கு மிதமான தரமுள்ள ஆதாரம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, தசை முடிச்சு வலிக்கு முடிவுகள் முரண்படுகின்றன என்றது. 2017இல் வெளியான அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டியும் லேசரைப் பயிற்சிகளுடன் சேர்த்துத் தரக்கூடிய பல சிகிச்சைகளில் ஒன்றாகவே பட்டியலில் வைத்தது.

ஐந்தாம் படி: கேட்க வேண்டிய எண்கள்

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். பள்ளியில் படித்த பெளதிகம் போதும்.

முதலில் அலைநீளம். 780 முதல் 860 நானோமீட்டர் வரையிலும், 904 நானோமீட்டரிலும் உள்ள அகச்சிவப்பு லேசர்கள்தான் கழுத்தின் ஆழத்துக்குப் பொருத்தமானவை. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் 630, 650 நானோமீட்டர் ஒளி பெரும்பாலும் மேல்தோலிலேயே சிதறிவிடுகிறது. 'சிவப்பா எரியுதே, வேலை செய்யுது' என்று நினைக்க வேண்டாம். வேலை செய்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. பல கருவிகளில் அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே படுகிறது என்று காட்டும் விளக்கு மட்டுமே.

அடுத்தது சக்தி. 500 மில்லிவாட் வரை உள்ளவை 3பி வகுப்பு. அதற்கு மேல் எல்லாம் 4ஆம் வகுப்பு, 'ஹை பவர் லேசர்' என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அவை. துடிப்பாக வெளிவரும் 904 வகைக்கு உச்ச சக்தி பெரிய எண்ணாக இருக்கும். அதைச் சொல்லி அசத்தப் பார்ப்பார்கள். நீங்கள் சராசரி சக்தியைக் கேளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல். ஒரு வாட் சக்தி ஒரு விநாடி பாய்ந்தால் ஒரு ஜூல். 100 மில்லிவாட் லேசரை ஒரே இடத்தில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். அதே 4 ஜூலை 500 மில்லிவாட் லேசர் 8 விநாடியில் கொடுத்துவிடும். லான்செட் தொகுப்பாய்வில் 820–830 நானோமீட்டர் லேசர்களில் பலன் தந்த அளவு ஒரு புள்ளிக்கு 0.8 முதல் 9 ஜூல், நேரம் 15 முதல் 180 விநாடி. 904 நானோமீட்டரில் 0.8 முதல் 4.2 ஜூல், நேரம் 100 முதல் 600 விநாடி. உலக லேசர் சிகிச்சைச் சங்கத்தின் பரிந்துரையிலும் 780–860 வகைக்கு ஒரு புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல் என்ற அளவு வருகிறது.

இதை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கருவி 100 மில்லிவாட். சிகிச்சையாளர் கழுத்தில் பத்து இடத்தில் வைக்கிறார், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து விநாடி. ஒரு புள்ளிக்கு அரை ஜூல்தான் போனது. பலன் தந்த அளவின் கீழ் எல்லையைக்கூட அது தொடவில்லை. அதே கருவியால் 4 ஜூல் வீதம் பத்துப் புள்ளி வைக்க ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஆக, வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டுவதற்குள் முடிந்துபோகிற சிட்டிங்கைச் சந்தேகப்படலாம்.

எங்கே வைக்கிறார்கள் என்பதும் கேள்விதான். வலிக்கும் இடங்களைக் கையால் அழுத்தித் தேடி, கழுத்தெலும்பின் இரு பக்கமும் உள்ள சின்ன மூட்டுகளின் மேலும், தோளுக்கு இறங்கும் தசையின் முடிச்சுகளிலும் வைக்க வேண்டும். கை வைத்துப் பார்க்காமலே லேசரைக் கொண்டுவருபவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

4ஆம் வகுப்பு லேசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் இப்போது அதிகம் விற்கப்படுவது அதுதான். 10 வாட் கருவி ஒரு நிமிடத்தில் 600 ஜூல் பாய்ச்சும். மேலே சொன்ன புள்ளிக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒரே இடத்தில் நிறுத்தாமல் பரவலாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் சுடும். கழுத்து வலியில் அதற்கு ஆதரவான ஆய்வுகள் இருக்கின்றன, பெரும்பாலும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தவை. நம் ஊருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும், பச்சை குத்திய இடத்துக்கும், அடர்ந்த பிடரி முடிக்கும் அதே சக்தி கூடுதல் சூட்டைத் தரும். கருவியில் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதைச் சரியாக வைக்கிறார்களா என்று பாருங்கள். வெளிநாட்டு நோயாளிக்கு வகுத்த அமைப்பை அப்படியே நம் கழுத்தில் ஓட்டினால் கொப்புளம் வரலாம்.

"மேடம், இது எத்தனை நானோமீட்டர், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் குடுக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். "அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்" என்று பதில் வந்தால், பேக்கேஜ் வேண்டாம். ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு யோசியுங்கள்.

ஆறாம் படி: போவதற்கு முன்

சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். புற்றுநோய் இருந்தாலோ சிகிச்சை நடந்தாலோ அந்தப் பகுதியில் லேசர் கூடாது. தைராய்டு கோளாறு இருந்தால் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கம் தைராய்டு சுரப்பி மேல் ஒளி படக்கூடாது. கழுத்து வலிக்கு எப்படியும் பின்பக்கமும் பக்கவாட்டும்தான் வைப்பார்கள். கர்ப்பமாக இருந்தால், வெயில் பட்டால் தோல் சிவக்கும் நோய் இருந்தால், டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் போல ஒளிக்குத் தோலைக் கூசவைக்கும் மருந்துகள் எடுத்தால் முதலிலேயே தெரிவியுங்கள். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடும் கல்லூரிப் பிள்ளைகள் கழுத்து வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோயால் தோல் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, ஆகவே 4ஆம் வகுப்பு லேசரில் கூடுதல் கவனம் தேவை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கரண்ட் சிகிச்சையில் உள்ள தடை லேசருக்கு இல்லை, இதில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

தைலம், அமிர்தாஞ்சன், நல்லெண்ணெய், பவுடர் எதுவும் கழுத்தில் இல்லாமல் துடைத்துவிட்டுப் போங்கள். நம் ஊர் வெயிலில் பஸ் இறங்கி நடந்து போனால் கழுத்து நனைந்திருக்கும். ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வை அடங்கிய பிறகு தொடங்கச் சொல்லலாம். கழுத்துத் திறந்த சட்டையோ, பின்கழுத்து இறங்கிய ரவிக்கையோ வசதி. நகை ஒளியைத் திருப்பி அடிக்கும். தாலிச் சரட்டைக் கழற்ற மனமில்லாவிட்டால் முன்பக்கமாக இழுத்துவிட்டு ஒரு துணியால் மூடிக்கொண்டால் போதும். இதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: சிகிச்சை அறையில்

குப்புறப் படுக்க வைப்பார்கள், அல்லது உட்கார்ந்து நெற்றியை மேசைமேல் தலையணையில் சாய்க்கச் சொல்வார்கள். கருவி இயங்கும்முன் உங்களுக்கும் சிகிச்சையாளருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அந்த லேசரின் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி. பாரிமுனைப் பிளாட்பாரத்தில் வாங்கிய கூலிங் கிளாஸ் எதையும் தடுக்காது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண் இமைத்துத் தப்பித்துக்கொள்ளாது, விழித்திரை நேரடியாக அடிபடும். உடன் வந்த அம்மாவோ பேரனோ உள்ளே இருந்தால் அவர்களுக்கும் கண்ணாடி, இல்லையென்றால் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். கண்ணாடி தராத கிளினிக்கில் வேறு எந்தக் கேள்வியும் கேட்கத் தேவையில்லை. கிளம்பிவிடுங்கள்.

3பி வகுப்பில் முனையைத் தோலில் படும்படி லேசாக அழுத்திச் செங்குத்தாகப் பிடிப்பார்கள். எதுவும் தெரியாது. 'ஒண்ணுமே செய்யலையே' என்று தோன்றும், அது இயல்பு. 4ஆம் வகுப்பில் இதமான சூடு தெரியும். இதம் போய்ச் சுட்டால் அந்த நொடியே "சுடுது" என்று சொல்லிவிடுங்கள். சூடு தாங்கினால்தான் வலி போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் நம்மில் உண்டு. எண்ணெய் ஒத்தடத்துக்கு வேண்டுமானால் அந்த வீரம் இருக்கட்டும்.

எட்டாம் படி: எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

தினமும் என்றால் இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் மூன்று நான்கு வாரம். உலக லேசர் சிகிச்சைச் சங்கம் சொல்லும் கணக்கு இது. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும், வசதிப்பட்டபோது என்றெல்லாம் எடுப்பதில் அர்த்தம் குறைவு. முதல் ஓரிரு சிட்டிங்குக்குப் பிறகு ஒரு நாள் வலி கொஞ்சம் கூடுவதுண்டு. அப்படி ஆனால் அடுத்த முறை சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தினமும் இரவில் அன்றைய வலி பத்து மதிப்பெண்ணுக்கு எத்தனை, வலி மாத்திரை எத்தனை, கழுத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப முடிகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று நான்கு வரி. ஐந்தாறு சிட்டிங் முடிந்ததும் அதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து பாருங்கள். வலி இரண்டு புள்ளியாவது இறங்கியிருந்தால், அல்லது தூக்கமும் அசைவும் தெளிவாகத் தேறியிருந்தால் தொடரலாம். ஒன்றும் நகரவில்லை என்றால் அளவை மாற்ற வேண்டும், அல்லது நோயைக் கண்டறிந்ததையே மறுபடி பார்க்க வேண்டும். "இன்னும் பத்து எடுத்துப் பாருங்க" என்பது அதற்குப் பதில் அல்ல. நடுவில் கையில் பலம் குறைந்தாலோ மரத்துப்போவது பரவினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். பேக்கேஜை முழுப் பணம் கட்டி வாங்காமல் ஐந்து ஐந்தாக வாங்குவது இதற்காகத்தான்.

ஒன்பதாம் படி: வலி இறங்கிய நேரத்தைப் பயன்படுத்துவது

லேசர் வலியை இறக்கித் தருகிற அந்தச் சில வாரங்களில் கழுத்துத் தசையைப் பலப்படுத்தாவிட்டால் வலி திரும்பி வரும், நீங்களும் திரும்பிக் கிளினிக் போவீர்கள்.

எளிமையானது ஒன்று: மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே மடித்த துண்டு. முகவாயை லேசாக உள்ளிழுத்து 'ம்' என்று தலையாட்டுவதுபோலச் சாய்த்து, பத்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை. கழுத்தின் முன்பக்க மேல்தசைகள் விறைத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். கூடவே, தோள்களைப் பின்னும் கீழுமாக இழுத்து ஐந்து விநாடி பிடிப்பது. வலி அனுமதிக்கும் அளவுக்குக் கழுத்தை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புவது. இரண்டு மூன்று வாரத்தில் ரப்பர் பட்டை வைத்து இழுக்கும் பயிற்சிக்குப் போகலாம். அதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துச் சொல்லித் தர வேண்டும், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதாது.

பிறகு வேலை. சிறுசேரியிலும் டைடல் பார்க்கிலும் லேப்டாப்பைத் தாழ்ந்த மேசையில் வைத்துக் குனிந்திருப்பவர்கள் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கீபோர்டைத் தனியாக இணைக்கலாம். தையல்காரர்களுக்கும் சௌகார்பேட்டைப் பொற்கொல்லர்களுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்கு அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து தோளைச் சுழற்றுவதே மருந்து. மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பீச் வரை போனைக் குனிந்தே பார்ப்பவர்கள், போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், பாதி வழியாவது ஜன்னல் பக்கம் பாருங்கள். தலையணை இரண்டு வேண்டாம், ஒன்று. மல்லாந்தும் பக்கவாட்டிலும் படுக்கும்போது கழுத்து நேராக இருக்கும் உயரம் போதும். காலர் பெல்ட்டை மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மேல் மாட்டிக்கொண்டே திரியாதீர்கள், தசை இன்னும் தளரும்.

சலூனில் முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதை, லேசர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், விட்டுவிடுங்கள். அந்தத் திருப்பில் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "அண்ணே, நெட்டி வேணாம்" என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பத்தாம் படி: வீட்டுக்கு வாங்கலாமா?

ஆன்லைனில் கையடக்க லேசர், கழுத்துப் பட்டை, சிவப்பு விளக்குப் பலகை என்று குவிந்து கிடக்கின்றன. அலைநீளமும் சராசரி மில்லிவாட்டும் பெட்டியில் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள். 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் என்று போட்டிருந்தால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரே புள்ளிக்கு 4 ஜூல் கொடுக்க 800 விநாடி, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். பத்துப் புள்ளிக்கு இரண்டேகால் மணி நேரம். கையும் வலிக்கும், கழுத்தும் வலிக்கும். சக்தி அதிகமுள்ளதாக வாங்கினால் வீட்டில் குழந்தைகளின் கண்ணுக்கு அது ஆபத்து. கிளினிக்கில் எடுத்து நல்ல பலன் கிடைத்து, சில மாதம் கழித்து வலி திரும்புகிறவர்கள் வேண்டுமானால், உங்களுக்குச் சிகிச்சை தந்தவரிடம் கருவியின் விவரத்தைக் காட்டி, எந்தப் புள்ளியில் எத்தனை விநாடி என்று எழுதி வாங்கிக்கொண்டு, உரிய கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு லேப்டாப் ஸ்டாண்டும் தனிக் கீபோர்டும் ஒரு ரப்பர் பட்டையும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.